மீன்தொட்டிக்குள் ஓர் உப்புநீர் அருவி: பவளத் தொட்டி கட்டப் புதிதாக இறங்குபவர்களுக்கு

"கடலில் ஏது அருவி?"

பவளத் தொட்டியில் அருவி வைக்கப்போகிறேன் என்று சொன்னால், மீன் வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கே, கிம்பர்லி கடற்கரையை ஒட்டி மான்ட்கோமரி ரீஃப் என்றொரு பரந்த பாறைத்திட்டு உண்டு. அந்தப் பக்கத்தில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான வித்தியாசம் 10 மீட்டரைக்கூடத் தாண்டும். கடல் வற்றும்போது பாறைத்திட்டின் மேல்தளம் வெளியே தலைகாட்டும். அதன்மேல் தேங்கிய கடல்நீர் போக வழியில்லாமல் நாலாபுறமும் ஓரங்களில் வழிந்து கொட்டும். பார்ப்பவர்களுக்குக் கடலுக்கு நடுவே திடீரென்று அருவிகள் முளைத்ததுபோல் இருக்கும்.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் தொட்டி கட்டுவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏனென்றால் அந்த அருவிகள் மலையருவிகள் மாதிரி ஓங்கி விழுபவை அல்ல. தாழ்ந்த பாறை விளிம்பில் அகலமாக வழிபவை. புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் உயரத்துக்கு ஆசைப்படுகிறார்கள். உப்புநீரில் உயரம் என்பது தெறிப்பு, நுரை, சத்தம், வீடெல்லாம் உப்பு. ஒரு சாண் உயரம் தாராளம். அதிலும் பாதி போதும் என்பது என் கட்சி.

(நீர்வீழ்ச்சி என்று எழுதாமல் அருவி என்றே எழுதுகிறேன். நம்மிடம் அழகான பழைய சொல் இருக்கும்போது தண்ணீரை எதற்கு 'வீழ்த்த' வேண்டும்?)

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு அடியிலேயே வெள்ளையாக அருவி கொட்டுகிற தொட்டிகளைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதில் விழுவது தண்ணீர் அல்ல, மணல். காற்றுக்குமிழியின் உதவியோடு மெல்லிய மணலை மேலே ஏற்றி, திரும்பக் கொட்டவிடும் வித்தை அது. நன்னீர்த் தொட்டியில் வேடிக்கையாக இருக்கும். பவளங்கள் உள்ள தொட்டியில் அந்த மணல் பவளத்தின் மேல் படிந்து மூச்சுமுட்டச் செய்யும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. நிஜமாகவே காற்றில் விழுந்து தண்ணீரில் சேரும் அருவியைப் பற்றியது.

முதலில், பவளத் தொட்டி என்றால் என்ன

பவளம் ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தை வைத்து உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கின்றன. ஆகவே பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், ஓடும் தண்ணீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேற்று இருந்ததுபோலவே இன்றும் இருக்கும் தண்ணீர் வேண்டும். கடல் மிகப் பெரியது, அதில் எதுவும் சட்டென்று மாறாது. 250 லிட்டர் தொட்டியில் எல்லாமே சட்டென்று மாறும். அந்த மாற்றத்தைத் தடுப்பதுதான் தொட்டி வைத்திருப்பவரின் வேலை. மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

தொட்டிக்குள் மீன் கழிவு விடும், மிஞ்சிய தீனி அழுகும். அதிலிருந்து அம்மோனியா வரும். அம்மோனியா விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல. இந்தப் பாக்டீரியாக்கள் குடியேற இடம் வேண்டும். துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையைவிட நல்ல இடம் அவற்றுக்கு இல்லை. பாறையின் உட்துளைகளில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும் இடங்களில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். இப்படி உயிர் குடியேறிய பாறையைத்தான் 'லைவ் ராக்', அதாவது உயிர்ப்பாறை என்கிறார்கள். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் பாறையையும் காற்றுக்குமிழியையும் மட்டுமே நம்பிப் பவளங்களை வளர்த்ததை 1961-இல் எழுதினார். இன்று உபகரணங்கள் எவ்வளவோ வந்துவிட்டன. அடிப்படை என்னவோ அதே பாறைதான்.

தண்ணீர் சுற்றும் பாதை

அருவியைத் தனி அலங்காரமாக நினைத்து, தொட்டி கட்டி முடித்தபின் ஓரத்தில் ஒட்டிவிடலாம் என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் அதற்கென்று தனி பம்ப், தனிக் குழாய், தனித் தலைவலி. அருவியைத் தொட்டியின் நீர்ச்சுற்றிலேயே ஒரு படியாகச் சேர்த்துவிடுவதுதான் சரியான வழி.

சுற்று இப்படிப் போகும். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் ஒரு சிறு தொட்டி இருக்கும். அதைச் சம்ப் என்பார்கள். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர், பம்ப் எல்லாம் அதில் மறைந்திருக்கும். பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. பெரிய தொட்டியின் பின்பக்கம், அதன் நீர்மட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், பாறைகளால் மறைத்த ஒரு மேல்தொட்டி. அது நிறைந்ததும் முன்விளிம்பில் அருவியாக வழிந்து பெரிய தொட்டியில் விழுகிறது. பெரிய தொட்டியின் ஓரத்தில் உள்ள வழிந்தோடும் குழாய் வழியாகத் தண்ணீர் மறுபடி சம்புக்கு இறங்குகிறது. ஏரி நிறைந்தால் கலிங்கில் வழிவதும், அது அடுத்த ஏரிக்குப் போவதும் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கடைசி ஏரியிலிருந்து முதல் ஏரிக்குத் தண்ணீரைத் தூக்கிவிட ஒரு பம்ப் இருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். காகிதத்தில் 300 லிட்டர். பாறையும் மணலும் போக, விளிம்புக்குக் கீழே விடும் இடமும் போக, சம்பில் உள்ளதையும் சேர்த்தால் மொத்தம் 250 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். சம்பிலிருந்து மேலேறும் ஓட்டம் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல 3 முதல் 5 மடங்கு இருந்தால் போதும் என்பது பொதுவான பழக்கம். அதாவது மணிக்குச் சுமார் 750 லிட்டர் முதல் 1,250 லிட்டர் வரை.

அந்த ஓட்டத்தில் எவ்வளவு அகலமான அருவி வரும்? நீரியலில் கலிங்குக்கென்று ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி, விளிம்புக்கு மேலே 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்று வழிந்தால், விளிம்பின் ஒவ்வொரு செ.மீ. அகலத்துக்கும் மணிக்குச் சுமார் 65 லிட்டர் போகும். 20 செ.மீ. அகல விளிம்புக்கு 1,300 லிட்டர். நம் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 40 செ.மீ. அகலம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதே ஓட்டத்தில் தண்ணீர் மெலிந்து, திரையாக விழாமல் இழை இழையாகப் பிரிந்துவிடும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: விளிம்பின் மேல் நிற்கும் தண்ணீரின் உயரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் ஓட்டத்தைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்க வேண்டும். அதனால் அருவி மெலிவாகத் தெரிந்தால் பெரிய பம்ப் வாங்க ஓடாதீர்கள். விளிம்பைக் குறுக்குங்கள்.

பம்ப் விஷயத்தில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். பெட்டியின் மேல் 'மணிக்கு 2,000 லிட்டர்' என்று போட்டிருப்பது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் சும்மா தள்ளும்போது கிடைக்கும் அளவு. அதே பெட்டியில் 'அதிகபட்ச உயரம் 2 மீட்டர்' என்று இருந்தால், 2 மீட்டரில் ஒரு சொட்டுகூட வராது என்று பொருள். சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டி வரை அளந்தால் எப்படியும் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் வந்துவிடும். பம்போடு வரும் வரைபடத்தில் அந்த உயரத்துக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். கொஞ்சம் பெரியதாகவே வாங்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டுவது நல்லது. வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் கிடைத்தால் அருவியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சரிசெய்யலாம்.

இந்த 5 மடங்கு ஓட்டம் பவளங்களுக்குப் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லாக எலும்புக்கூடு கட்டாத மென்பவளங்களுக்கே மணிக்கு 10 முதல் 20 மடங்கு வரை தண்ணீர் அசைய வேண்டும். அதைத் தொட்டிக்குள் வைக்கும் அலை பம்புகள் பார்த்துக்கொள்ளும். அருவியின் தலையில் அந்தச் சுமையையும் ஏற்றினால் வரவேற்பறை அணைக்கட்டாகிவிடும்.

விளிம்பு

தம்ளரிலிருந்து தண்ணீரை மெதுவாகச் சாய்த்தால் என்ன ஆகிறது? நேராக விழாமல் தம்ளரின் வெளிச்சுவரை ஒட்டிக்கொண்டு வழிந்து கையை நனைக்கிறது. அருவியின் விளிம்பிலும் இதேதான் நடக்கும். உருண்டையான பாறை விளிம்பில் மெலிதாக வழியும் தண்ணீர், பாறையின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஊர்ந்து, நீங்கள் எதிர்பாராத இடத்தில் சொட்டும். அந்த இடம் தொட்டிக்கு வெளியே இருந்தால் தரை கெடும்.

இதற்கு மருந்து எளிது. விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், முன்னால் 2, 3 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டை விளிம்பாக வைத்து, அதன் மேலும் பக்கத்திலும் சிறு பாறைத் துண்டுகளை ஒட்டி மறைப்பது நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்கிறது. விளிம்பை மட்டக்கோல் வைத்துச் சமன் பார்ப்பது அவசியம். 20 செ.மீ. அகலத்தில் ஒரு பக்கம் 3 மி.மீ. தாழ்ந்தாலே தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே போய்விடும். பாறை மாதிரி இயல்பாகத் தெரிய வேண்டுமென்றால், சமமாக வைத்தபின் இரண்டு மூன்று இடத்தில் வேண்டுமென்றே சிறு பள்ளம் செதுக்கலாம்.

தண்ணீர் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். நேராகத் திறந்த நீரில் விழுந்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே வந்து உடைந்துவிடும். உப்புநீரில் அவை அவ்வளவு எளிதில் சேர்வதில்லை. பொடிப்பொடியாகவே நின்று தொட்டி முழுக்க மிதக்கும். சோடாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். பவளங்களின் மேல் ஒட்டி எரிச்சலூட்டும். கடற்பஞ்சுகளுக்கு இன்னும் ஆகாது. அதனால் அருவிக்குக் கீழே, நீர்மட்டத்தை ஒட்டி, ஒரு சரிவான பாறையை வைத்துவிடுங்கள். தண்ணீர் அதன்மேல் பட்டு, சறுக்கி, அடங்கிச் சேரட்டும். அதுவும் போதவில்லை என்றால், விழும் இடத்தைச் சுற்றிப் பாறைகளால் ஒரு குட்டை மாதிரி தடுத்துவிட்டால் குமிழிகள் அங்கேயே மேலெழுந்து உடையும்.

பம்ப் நின்றால்?

புதிதாகக் கட்டுபவர்கள் தொட்டி ஓடும்போது எப்படி இருக்கும் என்றுதான் கற்பனை செய்கிறார்கள். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று கற்பனை செய்வதுதான் வடிவமைப்பு. என் முதல் அருவித் தொட்டியில், தண்ணீர் ஏற்றும் குழாயின் வாயை மேல்தொட்டியின் அடிவரை இறக்கிவிட்டிருந்தேன். சத்தம் வராது என்று யாரோ சொன்ன யோசனை. ஒரு நள்ளிரவில் மின்சாரம் நின்றது. பம்ப் நின்றதும் குழாய்க்குள் இருந்த தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கி, அந்த இழுப்பிலேயே மேல்தொட்டியில் இருந்ததையும் உறிஞ்சிக்கொண்டு வந்து சம்பை நிரப்பி, வெளியே வழிந்துவிட்டது. காலையில் எழுந்து கால் வைத்தபோதுதான் தெரிந்தது, தரைவிரிப்பு கடற்கரையாகியிருந்தது.

குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலேயோ, மட்டத்துக்கு 1 செ.மீ. கீழேயோ இருந்தால் இது நடக்காது. மட்டம் சற்று இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். குழாயில் மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போடுவதும் உண்டு. அந்தத் துளையில் பாசி அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும். துளையை மட்டும் நம்பி நான் தூங்கமாட்டேன்.

இழுப்பு இல்லாவிட்டாலும் கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கத்தான் செய்யும். நம் 120-க்கு 50 தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. உயரமும் 6 லிட்டர். ஓடும்போது நீர்மட்டம் வழிந்தோடும் குழாயின் விளிம்புக்கு மேல் 2 செ.மீ. இருந்தால், நின்றவுடன் 12 லிட்டர் சம்புக்கு வரும். குழாய்களில் உள்ளது, விளிம்பில் நின்றது எல்லாம் சேர்த்து 15 லிட்டர் என்று வையுங்கள். ஓடும்போது சம்பில் குறைந்தது 25 லிட்டருக்காவது காலி இடம் இருக்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் யோசிக்க வேண்டும். கீழே போகும் குழாயை ஒரு நத்தையோ, உதிர்ந்த பாசியோ அடைத்துவிட்டால் பம்ப் நிற்காமல் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். சம்பில் பம்ப் இருக்கும் தடுப்பறையின் தண்ணீர் முழுவதும் மேலே வந்தாலும் பெரிய தொட்டியின் விளிம்பைத் தாண்டாத அளவுக்கு அந்த அறையைச் சிறியதாக வையுங்கள். கூடவே, எப்போதும் காலியாக இருக்கும் இரண்டாவது வடிகுழாய் ஒன்று. மேல்தொட்டிக்கும் அப்படித்தான்: அதன் பின்சுவரும் பக்கச் சுவர்களும் அருவி விளிம்பைவிட 5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும், விளிம்பு அடைபட்டால் தண்ணீர் பெரிய தொட்டிக்குள்ளேயே விழும்படி இன்னொரு வழி இருக்க வேண்டும்.

எல்லாம் கட்டியதும், உப்பு போடுவதற்கு முன்பு, வெறும் தண்ணீரை நிரப்பிச் சுவிட்சை அணைத்து அணைத்துப் பாருங்கள். ஒரு முறை அல்ல, பத்து முறை. வடிகுழாயைத் துணியால் அடைத்தும் பாருங்கள். நனைந்தாலும் அன்றைக்கு நன்னீர்தான்.

ஆவியாகிறது தண்ணீர், நிற்கிறது உப்பு

அருவி வைத்த தொட்டியில் தண்ணீர் அதிகமாக ஆவியாகும். காற்றில் படும் பரப்பு கூடுகிறது அல்லவா. இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போவதில்லை. ஒரு நாளைக்கு 5 லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் 250 லிட்டர் 230 ஆகிவிடும். ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 38 ஆகிவிடும். மீன் எப்படியோ சமாளிக்கும். பவளமும் நத்தையும் சுருண்டுகொள்ளும். குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல.

அருவி இருக்கும் தொட்டிக்குத் தானாக நிரப்பும் கருவி ஆடம்பரம் இல்லை, கட்டாயம். அதன் உணரியைப் பெரிய தொட்டியில் வைத்துப் பயனில்லை. வழிந்தோடும் விளிம்பு இருப்பதால் அங்கே மட்டம் மாறவே மாறாது. ஆவியான தண்ணீர் முழுவதும் சம்பின் பம்ப் அறையில்தான் குறையும், உணரி அங்கேதான் இருக்க வேண்டும்.

ஆவியாவதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், 100 லிட்டர் தண்ணீரை 5, 6 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. அறையிலிருந்தும் விளக்கிலிருந்தும் வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் அவ்வளவும் குளிர்ச்சியாகத் தெரியாது. ஆனாலும் வெயில் காலத்தில் அருவித் தொட்டி மற்றதைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பவளங்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. காற்றோடு கலந்து விழுவதால் ஆக்ஸிஜனும் நன்றாகக் கரையும். இரவில் விளக்கு அணைந்தபின் எல்லா உயிர்களும் மூச்சுவிட மட்டுமே செய்யும்போது இது பெரிய உதவி. அதனால் சத்தம் தொல்லை என்று இரவில் அருவியை நிறுத்தாதீர்கள். தூக்கம் கெடுகிறதென்றால் உயரத்தைக் குறையுங்கள்.

தெறிக்கும் துளிகள் காய்ந்த இடமெல்லாம் உப்புப் பூக்கும். சுவரில், விளக்கில், மரச்சட்டத்தில். அழகு கெடுவது ஒருபுறம் இருக்கட்டும், ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி ஒவ்வொன்றும் சாக்கெட்டுக்கு வருவதற்கு முன்பு கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் கம்பி வழியாக ஓடிவரும் துளி வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் உப்புநீர்த் தொட்டியில் கைவைக்க வேண்டாம். இதில் சமரசம் கிடையாது.

எதால் கட்டலாம், எதால் கூடாது

உலோகம் வேண்டாம். குறிப்பாகச் செம்பு. மிகக் குறைந்த அளவே நத்தை, இறால், பவளங்களைக் கொன்றுவிடும். துருப்பிடிக்காத எஃகும் உப்புநீரில் நாளடைவில் துருப்பிடிக்கும். குழாய்க்குப் பி.வி.சி., மேல்தொட்டிக்கு அக்ரிலிக் அல்லது கண்ணாடி, ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான், பாறைகளை இணைக்க மீன்தொட்டிக்கென்றே விற்கும் எபாக்ஸி. இவை போதும். சிமெண்டில் பாறை செய்பவர்கள் உண்டு. மலிவு, விரும்பிய வடிவம் கிடைக்கும். ஆனால் சிமெண்ட் வாரக்கணக்கில் சுண்ணாம்பைக் கசியவிட்டு பி.எச். அளவைத் தூக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்கும் பொறுமை இல்லாதவர்கள் தொடவேண்டாம்.

பாறைக்குக் காய்ந்த சுண்ணாம்புப் பாறையே என் பரிந்துரை. உயிர்ப்பாறையில் வேண்டாத புழுக்களும் நண்டுகளும் சேர்ந்து வரும். அதோடு, கடலிலிருந்து பாறையும் பவளமும் எடுப்பது பல நாடுகளில் குற்றம். கல்பவளங்கள், அரிய உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் நாட்டில் எது அனுமதி, எது இல்லை என்று பார்த்துவிட்டு, தொட்டியிலேயே வெட்டி வளர்த்த பவளத் துண்டுகளையும், தொட்டியிலேயே பிறந்த மீன்களையும் வாங்குங்கள். அவை பிடித்துவந்த உயிர்களைவிட நன்றாகப் பிழைக்கவும் செய்யும்.

மேல்தொட்டியைச் சும்மா விடாதீர்கள்

மேல்தொட்டி ஓர் அலங்காரப் பெட்டி மட்டும் அல்ல. அதில் ஒரு சிறு விளக்கு போட்டுக் கீட்டோமார்ஃபா என்ற நூல்பாசியை வளர்த்தால், அது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று வளரும். வாரம் ஒரு கைப்பிடி பிடுங்கி எறிந்தால் அவ்வளவு கழிவு தொட்டியைவிட்டு வெளியேறியது என்று அர்த்தம். இடம் இருந்தால் ஓர் அலையாத்திக் கன்றையும் வைக்கலாம். அது கழிவை உறிஞ்சுவதைவிட கண்ணுக்குத்தான் அதிகம் வேலை செய்யும் என்றாலும், அருவிக்கு மேலே ஒரு பச்சை இலை ஆடுவது நன்றாகத்தான் இருக்கிறது.

மெலிதாக வழியும் தண்ணீரில் பாசியை வேண்டுமென்றே வளர்த்துக் கழிவை அகற்றலாம் என்பதை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற அறிவியலாளர் முன்னெடுத்தார். அவருடைய கருவியில் தண்ணீர் அலையலையாக வந்து மோதும். பிறகு வந்த ஆர்வலர்கள் அதைச் சுருக்கி, சொரசொரப்பான ஒரு பிளாஸ்டிக் வலையின்மேல் அருவிபோல வழியவிட்டு, பக்கத்தில் விளக்கு வைத்தார்கள். அருவியை இப்படிப் பயன்படுத்த நினைத்தால் அதைச் சம்பில் மறைத்து வையுங்கள். வேலை செய்யும் பாசிவலை பார்க்கச் சகிக்காது.

தண்ணீர் நிரப்பும் நாள், அதற்குப் பிறகு

தண்ணீர் ஆர்.ஓ. வடிகட்டியும் அதற்குப் பின் அயனி நீக்கியும் கடந்து வந்ததாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்கு விருந்து. பவளத் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 முதல் 40 கிராம் வரை தனிப் பாத்திரத்தில் கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதல்முறை காலியான தொட்டியிலேயே கரைக்கலாம். அதற்குப் பிறகு ஒருபோதும் உயிர்கள் உள்ள தொட்டியில் உப்பை நேராகப் போடக்கூடாது.

அப்புறம் காத்திருப்பு. சிறிதளவு அம்மோனியா அல்லது ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு, பாக்டீரியா பெருக விட வேண்டும். அம்மோனியா ஏறி இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் தலைகாட்டும். பொதுவாக 4 முதல் 6 வாரம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆகும்வரை மீன் வேண்டாம். இடையில் எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒரு படலம் படியும். டயாட்டம் பாசி. பயப்படவும் வேண்டாம், மருந்து ஊற்றவும் வேண்டாம், தானே போய்விடும்.

முதல் உயிர்களாகச் சில நத்தைகள், பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு மூன்று மாதம் கழித்து மென்பவளங்கள்: காளான் பவளம், தோல் பவளம் போன்றவை. ஜோவாந்திட் என்ற பொத்தான் பவளம் அழகானது, வளர்ப்பதும் எளிது. ஆனால் அவற்றில் சிலவற்றுக்குள் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அது ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது, ஆவியோடு நஞ்சு நுரையீரலுக்குப் போய்விடும். கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), காரத்தன்மை 8 அல்லது 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), மெக்னீசியம் 1,300 பி.பி.எம். பக்கத்தில் இருந்தால் நல்லது. மென்பவளத் தொட்டியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 சதவீதத் தண்ணீரை மாற்றினாலே இவை பெரும்பாலும் ஓரளவு நிலைத்துவிடும். கல்பவளங்கள் வேண்டுமென்றால் அது வேறு பாடம், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

அருவி இருப்பதால் தொட்டியை முழுதாக மூட முடியாது. தீமீன் (ஃபயர்ஃபிஷ்), சில ரக ராஸ் மீன் எல்லாம் திடுக்கிட்டால் துள்ளி வெளியே விழும். அருவியைச் சுற்றி வெட்டிய மெல்லிய வலையைச் சட்டத்தில் கட்டி மேலே வைத்துவிடுங்கள். வெளிச்சமும் பெரிதாகக் குறையாது.

ஏழெட்டு மாதத்தில் அருவியின் விளிம்பில் ஊதா நிறத்தில் கல்பாசி படியத் தொடங்கும். அக்ரிலிக் தகடு கண்ணுக்குத் தெரியாமல் போய், பாறையிலிருந்தே தண்ணீர் கசிவதுபோல் இருக்கும். ஆனால் அதே பாசி விளிம்பின் கூர்மையையும் மழுக்கிவிடும், தண்ணீர் மறுபடி பின்பக்கமாக ஊரத் தொடங்கும். விளிம்பின் அடிப்பக்கத்தை மட்டும் மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். மேல்பக்க ஊதாவைத் தொடவேண்டாம்.